மூன்று வரி

அவரைப் பார்த்து நான் முதன்முதலாக அதிர்ந்துபோனது காலை ரயிலில். நான் மாரிக்குப்பத்தில் ஏறுவேன், அவர் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறுவார். பெங்களூரில் இருவருக்கும் ஒரே அலுவலகம் என்பதால் எதிர் இருக்கையில் பையைப் போட்டு அவருக்கு இடம் பிடித்து வைப்பது என் வழக்கம். அன்று வண்டி பங்காருப்பேட்டையை விட்டுக் கிளம்பியதும் அவர் போனை எடுத்து ஓர் எண்ணை அழுத்தினார். முந்தின ஞாயிற்றுக்கிழமை அவரைப் பெண் பார்த்துவிட்டுப் போன குடும்பம், தரகரிடம் "சரிப்பட்டு வராது" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தது. அவர் கூப்பிட்டது மாப்பிள்ளையின் அம்மாவை.

"வணக்கம்மா. கோபமா எல்லாம் கேக்கல. எது சரிப்படலன்னு மட்டும் சொல்லிடுங்க. வேலையா, வயசா, வீடா?"

பக்கத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் கையில் சீட்டைப் பிடித்தபடி நிறுத்திவிட்டார்கள். மறுமுனையில் அந்த அம்மாள் எதையோ இழுத்து இழுத்துச் சொல்வது கேட்டது.

"கலரா? சரிங்கம்மா. அது மாத்துற விஷயம் இல்ல. சொன்னதுக்கு தேங்க்ஸ்."

போனை வைத்துவிட்டு டிபன் டப்பாவைத் திறந்தார். "இட்லி சாப்பிடுறீங்களாண்ணா?"

"இன்னாம்மா, நேராவே கேட்டுட்டீங்க?"

"கேக்கலன்னா எங்கம்மா ஒரு மாசம் ஒவ்வொண்ணா யோசிச்சிகினு இருப்பாங்க. சமையல் சரியில்லையோ, சோபா பழசோன்னு. இப்போ ஒண்ணே ஒண்ணுதான். அதுக்கு ஒரு நாள் அழுதா முடிஞ்சிடும்."

அப்போது அவருக்கு முப்பத்து மூன்று வயது இருக்கலாம். ஒல்லியான உருவம், காதோரம் சீக்கிரமே நரைத்திருந்தது. எதையும் அழுத்திச் சொல்ல மாட்டார், குரலும் உயராது. ஆனால் யாராவது "ஏதோ தப்பு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்தால் அவரால் தாங்க முடியாது. ரயில் தாமதம் என்றால் ஸ்டேஷன் மாஸ்டரின் ஜன்னலில் போய் எந்த இடத்தில், எதனால் நிற்கிறது என்று கேட்பார். அவருடைய அம்மாவைப் பரிசோதித்த டாக்டர் "கொஞ்சம் கவனமா இருக்கணும்" என்றபோது, நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமல், "எதுல டாக்டர்?" என்று கேட்டு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தவர்.

எங்கள் நிறுவனம் சிறியது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு டயாலிசிஸ் செய்யும் மையங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். நோயாளியின் எடையைப் பதிந்தால், டாக்டர் வைத்த இலக்கு எடையை அதிலிருந்து கழித்து, அன்று அவர் உடம்பிலிருந்து எத்தனை லிட்டர் நீரை எடுக்க வேண்டும் என்று எங்கள் மென்பொருள் கணக்கிட்டு ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுக்கும். டெக்னீஷியன் அந்தத் தாளைப் பார்த்து மெஷினில் எண்ணை வைப்பார். நிரலில் யார் எந்த மாற்றம் செய்தாலும் ஆயிரக்கணக்கான சோதனைகள் தானாக ஓடி, எங்காவது பிசகினால் திரையில் சிவப்பாகக் கொட்டும். அந்தக் குழுவுக்கு நான் தலைவன்.

கொட்டும் என்று சொன்னது மிகையில்லை. ஒரே ஒரு சோதனை தோற்றால்கூட நானூறு, ஐந்நூறு வரிகள் வரும். சோதனைக் கருவி தன்னுடைய உள் விவரங்களையெல்லாம் ஒப்பித்து முடித்த பிறகு, நடுவில் எங்கேயோ "உண்மை வர வேண்டும், பொய் வந்தது" என்று ஒரு வரி கிடக்கும். எதில் உண்மை, எந்த எண் பொய் என்று ஒன்றும் இருக்காது. நாங்கள் பழகிப்போயிருந்தோம். மேலோட்டமாக ஓட்டிவிட்டு மறுபடி ஓடவிடுவோம். இரண்டாவது தடவை பச்சை வந்தால் டீ குடிக்கப் போய்விடுவோம்.

அவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வாரம், ஒரு சோதனையின் தோல்வியை முழுவதுமாக அச்சிட்டு, தாள்களை வரிசையாக ஒட்டி, அலுவலக நடைபாதையில் விரித்துவிட்டார். லிப்டிலிருந்து சமையலறை வரை நீண்டது. ஒவ்வொருவரையும் அதன் ஓரமாக நடந்து, தவறு எந்த வரியில் இருக்கிறது என்று காட்டச் சொன்னார். எட்டுப் பேர் நடந்தோம். ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. அதில் ஒருவன் நான். அந்தச் சோதனையை எழுதியவனும் நான்தான்.

"தப்பு தப்புன்னு கத்தினா போதுமாண்ணா? எங்கன்னு சொல்லணும்ல" என்றார்.

எட்டுப் பேர் முன்னால் ஒரு புது ஆள் இப்படிக் கேட்டதில் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அதற்குப் பிறகு, தன் வேலையெல்லாம் முடிந்த நேரத்தில், அவர் ஒரு சின்ன நிரல் எழுதினார். சோதனைக் கருவி கொட்டுவதையெல்லாம் அது வாங்கி மடித்து ஒதுக்கிவிட்டு, மேலே மூன்றே வரிகளைக் காட்டும். கொடுத்தது இது. வர வேண்டியது இது. வந்தது இது. எண் என்றால் பக்கத்தில் கிலோவா லிட்டரா என்பதும் இருக்கும். நீளமான இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டால், வேறுபடும் இடத்தை மட்டும் காட்டும். ஆனால் கருவி சொல்லாத விவரத்தை நிரல் எங்கிருந்து கொண்டுவரும்? அதற்காக ஒவ்வொரு சோதனையாகத் திறந்து, அதன் வாசகத்தைக் கையால் திருத்தி எழுதினார். ஆயிரக்கணக்கானவை. மாதக்கணக்கில் ஆயிற்று. அலுவலகத்தில் அவருக்கு "மூணுவரி மேடம்" என்று பெயர் வைத்தார்கள். கேலியாகத்தான் ஆரம்பித்தது. போகப்போக, அவர் கை படாத சோதனை தோற்றால் எல்லோரும் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஒருநாள் ரயிலில் கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே தங்கச் சுரங்கத்தின் சயனைடு கழிவு மேடுகள் போய்க்கொண்டிருந்தன. அவர் அப்பா இங்குள்ள கனரக இயந்திரத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தவர். பிசகான பாகத்தில் 'ரிஜெக்ட்' என்று ஒரு சீட்டைக் கட்டிவிடுவாராம். காரணம் எழுத மாட்டாராம். ஆயுதபூஜையன்று ஒரு வெல்டர் குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு வந்து நின்று, "சார், எந்த இடத்துலன்னு மட்டும் சொல்லுங்க சார், நாலாவது தடவையா திரும்பி வருது" என்று கேட்டிருக்கிறார். அப்பா உள்ளேயிருந்தபடியே, "அவனுக்கே தெரியணும்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்.

"அப்போ நான்தான் போய் கேட்டைச் சாத்தினேன்" என்றார்.

இனி நான் சொல்லப்போவது எனக்கு எளிதானதல்ல.

ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் வீடு இருக்கும் லைன் வீட்டு வரிசையில், நாலு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருந்தார். சுரங்கம் மூடிய பிறகு பெங்களூரில் காவலாளி வேலை பார்த்து ஓய்ந்தவர். பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரம் இரண்டு தடவை ஊரிலேயே ஒரு மையத்தில் டயாலிசிஸ். அந்த மையத்துக்கு எங்கள் மென்பொருளை வாங்க வைத்தவன் நான். சொந்த ஊருக்கு ஏதோ செய்துவிட்டதாகப் பெருமை வேறு.

இந்த நோய் வந்தவர்கள் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். பெரியப்பா ஒழுங்காகத்தான் இருந்தார். திடீரென்று இரண்டு வாரமாக ஒவ்வொரு தடவையும் மூன்று லிட்டர் எடுக்க வேண்டும் என்று தாளில் வந்தது. இரண்டரை லிட்டரைத் தாண்டினால், "நோயாளி நீர்க் கட்டுப்பாட்டை மீறியுள்ளார்" என்று தாளின் அடியில் தானாக ஒரு வரி அச்சாகும். டெக்னீஷியன் அதைப் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். பெரியம்மா வீட்டிலிருந்த குடத்தை அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்தார். சொம்பைப் பூட்டினார். கழிவறைக்குப் போனால்கூட வெளியே நின்று காது கொடுத்தார்.

"நான் குடிக்கலடி. ஆத்தா மேல சத்தியமா குடிக்கல" என்று அவர் கத்துவது எங்கள் வீடு வரை கேட்கும்.

"அப்போ மெஷினு பொய் சொல்லுதா?" என்பார் பெரியம்மா.

ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து ஆட்டோவிலிருந்து இறங்கும்போது கண் இருட்டி விழுந்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இதயம் நின்றுவிட்டது. சாவு வீட்டில் பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதார். "திருட்டுத்தனமா தண்ணி குடிச்சே போய்ட்டியே! சொன்ன பேச்சு கேட்டியா?" சுற்றி நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். நானும் தலையாட்டினேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு மத்தியானம், மூணுவரி மேடம் என் மேசைக்கு வந்தார். ஒவ்வொரு சோதனையாகத் திருத்திக்கொண்டு வந்தவர், நாங்கள் ஓடவிடாமல் ஒதுக்கி வைத்திருந்த பட்டியலுக்கு வந்து சேர்ந்திருந்தார்.

"இதை ஏண்ணா நிறுத்தி வெச்சிருக்கீங்க?"

"அது சும்மா சும்மா விழும்மா. மாசத்துல ரெண்டு நாள் சிவப்பு, மத்த நாளெல்லாம் பச்சை. தொல்லைன்னு தூக்கிப் போட்டேன்."

"எந்த ரெண்டு நாள்?"

எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்ததே இல்லை. 'உண்மை வர வேண்டும், பொய் வந்தது' என்பதற்குமேல் அதில் படிக்க எதுவும் இருந்ததில்லை. அவர் என் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தச் சோதனையின் வாசகத்தைத் திருத்தினார். முந்தின நாளும் அன்றும் இலக்கு வைத்ததாக எடுத்துக்கொள்ளும் சோதனை அது. கணினியின் தேதியை முதலில் ஒன்றுக்கும், அப்புறம் பத்துக்கும் மாற்றி ஓடவிட்டார்; இரண்டும் சிவப்பு. பத்தாம் தேதிக்குத் திரையில் வந்தது இது:

கொடுத்தது: இன்றைய எடை 63 கிலோ. டாக்டர் வைத்த இலக்கு, 9ஆம் தேதி 60 கிலோ, 10ஆம் தேதி 62 கிலோ.
வர வேண்டியது: 1 லிட்டர் எடுக்கவும்.
வந்தது: 3 லிட்டர் எடுக்கவும்.

ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். நோயாளி கொஞ்சம் சதை போட்டால் டாக்டர் இலக்கு எடையை ஏற்றி வைப்பார். எங்கள் மென்பொருள் தேதியை எண்ணாகப் பார்க்காமல் எழுத்தாகப் பார்த்து வரிசைப்படுத்தியிருந்தது. பத்து என்பது ஒன்றில் தொடங்குவதால், அதை ஒன்பதுக்கு முன்னால் வைத்து, பழைய இலக்கையே புதியது என்று எடுத்துக்கொண்டது. உடம்பில் கூடியிருந்த சதையையெல்லாம் தண்ணீர் என்று கணக்குப் போட்டது.

"அண்ணா, இது மையங்கள்ல ஓடிகினு இருக்குதா?"

என் காதில் பெரியப்பா கத்தியதுதான் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் மையத்தின் பதிவைத் திறந்தேன். இரண்டாம் தேதி வைத்த இலக்கை டாக்டர் அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி ஒன்றரை கிலோ ஏற்றியிருந்தார். அதற்குப் பிறகு நான்கு தடவை டயாலிசிஸ் நடந்திருந்தது. நான்கு தடவையும் ஒன்றரை லிட்டர் கூடுதலாக உறிஞ்சப்பட்டிருந்தது. தாளின் அடியில் அச்சான அந்த வரியை எழுதியவனும் நான்தான்.

பெரியப்பாவைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் உடனே போனை எடுத்து மையங்களை ஒவ்வொன்றாக அழைக்க ஆரம்பித்தார். "தாளைப் பாக்காதீங்க. எடையிலேர்ந்து டாக்டர் கடைசியா எழுதின இலக்கைக் கழிச்சு, கையால கணக்குப் போடுங்க. ஏன்னு சொல்றேன்…" சாயங்காலத்துக்குள் ஒரு மையம் விடாமல் பேசி முடித்துவிட்டார். வேறு ஊரில் இரண்டு பேருக்கு இதே போல நடந்திருந்தது. அவர்கள் பிழைத்துக் கிடந்தார்கள்.

நிறுவனம் அன்றே நிரலைத் திருத்தியது. மறுநாள் எல்லோரையும் அறைக்குள் கூப்பிட்டு, இதைப் பற்றி வெளியே யாரும் மூச்சு விடக்கூடாது, குடும்பங்களிடம் வக்கீல்கள் பேசிக்கொள்வார்கள் என்றார்கள். அவர் கையைத் தூக்கினார்.

"எந்தத் தேதியில பேசுவாங்க?"

தேதி இல்லை என்றார்கள். அவர் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மறுகேள்வி கேட்காமல் அவர் தலையாட்டி நான் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. "ஆண்டர்சன்பேட்டைக்கு வந்துட்டேண்ணா. அவங்க வீட்டைக் காட்டுங்க. நீங்க உள்ள வரணும்னு இல்ல."

"வேலை போய்டும்மா."

"தெரியும். காட்டுங்க."

போனதுதான். அடுத்த வாரமே அவரை அனுப்பிவிட்டார்கள். என்னை எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து நானாகவே விலகினேன். மருத்துவமனை தொடர்பான எந்த வேலைக்கும் அதன்பிறகு நான் போகவில்லை. அவர் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். எந்த ஊர் என்று தெரியவில்லை. தேட எனக்குத் தைரியம் வரவில்லை. பெரியம்மாவிடம் நிறுவனத்திலிருந்து ஆள் வந்து பேசியது அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் அவரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத் திரும்பிவிட நினைத்தேன். ஆனாலும் உள்ளே போனேன்.

பெரியம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "யாருப்பா இது? வாங்க, உக்காருங்க" என்றார். என்னோடு வந்தவர் பாயில் உட்காரவில்லை, தரையில் பெரியம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"அம்மா, உங்க வீட்டுக்காரரு உடம்புலேர்ந்து ஒண்ணரை லிட்டர் தண்ணி எடுத்திருக்கணும். மூணு லிட்டர் எடுத்திருக்காங்க. நாலு தடவை அப்படி ஆச்சு. நாங்க எழுதின கணக்குல தப்பு. அவரு தண்ணி அதிகமா குடிக்கல."

முறம் பெரியம்மாவின் கையில் அப்படியே நின்றது. "இன்னா சொன்னே?"

அவர் அதே வார்த்தைகளை அதே குரலில் இன்னொரு தடவை சொன்னார்.

"குடிக்கலியா?"

"குடிக்கலம்மா."

"அதனாலதான் செத்தாரா?"

"அது எனக்குத் தெரியாதும்மா. தெரியாததைச் சொல்ல மாட்டேன். நாலு தடவை அதிகமா எடுத்தது தெரியும். அவரு பொய் சொல்லலன்னு தெரியும்."

பெரியம்மா அழுவார் என்று எதிர்பார்த்தேன். எங்கள்மேல் முறத்தை வீசுவார் என்றுகூட நினைத்தேன். என்னைப் பார்க்காமல், எதிரே உட்கார்ந்திருந்தவரையே பார்த்துக் கேட்டார். "யாரு அந்தக் கணக்க எழுதினது?"

எதையும் உடைத்துச் சொல்லும் அந்தப் பெண்ணுக்கு அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நாக்கு எழவில்லை.

"நான்தான் பெரியம்மா" என்றேன். "தப்புன்னு காட்டுன சோதனையை நிறுத்தி வெச்சதும் நான்தான். அவரு தண்ணி குடிச்சாருன்னு தாள்ல வந்ததே, அந்த வார்த்தையும் நான் எழுதினது."

பெரியம்மா என் முகத்தைப் பார்த்தார். திட்டுவார், அடிப்பார், சாபம் விடுவார் என்று உடம்பெல்லாம் காத்துக்கொண்டிருந்தது. அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, முட்டியில் கை ஊன்றி எழுந்து, என்னைத் தாண்டி வெளியே போனார். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஏ, கேளு. அவரு தண்ணி குடிக்கலயாம்."

கதவைத் திறந்தவள் என்ன சொன்னாளோ, பெரியம்மா அங்கே நிற்கவில்லை. அதற்கடுத்த கதவு. "அவரு குடிக்கல. நான்தான் தப்பா பேசிட்டேன்." அதற்கும் அடுத்தது. தலை வாரியிருக்கவில்லை, காலில் செருப்பில்லை. லைனில் கடைசி வீடு வரைக்கும் ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சொல்லிக்கொண்டே போனார். நாங்கள் இரண்டு பேரும் அந்த வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.